செஞ்சி: வெயிலும் திதியும் பார்த்துப் போக வேண்டிய ஊர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள், செஞ்சி ஊரைத் தாண்டிய சில நிமிடங்களில் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். சாலை கோட்டை மதிலை ஊடறுத்துக்கொண்டு போகிறது. இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. பாறைமேல் பாறை அடுக்கிய மலைகள், அவற்றின் உச்சி வரை ஏறி இறங்கும் மதில்கள். பெரும்பாலானவர்கள் அந்தப் பார்வையோடு சரி. அண்ணாமலையாரைத் தரிசிக்கப் போகிறவர்கள் கோட்டையில் இறங்குவதில்லை. கோட்டைக்கென்று வருகிறவர்கள் மலை ஏறி, படம் எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஒரு கோயிலையும் எட்டிப் பார்க்காமல் ஊர் திரும்புகிறார்கள். இந்த இயல் இரு தரப்புக்கும்.

செஞ்சியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் மலையைக் குடைந்த பெருமாள் கோயில், சமண முனிவர்கள் உண்ணாநோன்பிருந்த குன்று, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம், அமாவாசை இரவில் ஊரே நிரம்பி வழியும் அங்காளம்மன் கோயில் எல்லாம் இருக்கின்றன. கோட்டைக்குள்ளேயும் கோயில்கள் உண்டு, பள்ளிவாசல் உண்டு. ராஜகிரி ஏறும் படியில் உங்களுக்கு முன்னால் பொங்கல் பானையைச் சுமந்துகொண்டு ஒரு குடும்பம் ஏறிப் போகலாம். உங்களுக்கு அது கோட்டை. அவர்களுக்கு அது கமலக்கன்னியம்மன் மலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் இந்த ஊர் முழுதாகக் கிடைக்கும். அதற்கு இரண்டு கணக்குகளைச் சரியாகப் போட வேண்டும். கோட்டைக்கு வெயில் கணக்கு. கோயிலுக்குத் திதிக் கணக்கு.

நாள் பார்த்தல்

செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலை. அங்கே பௌர்ணமிக் கிரிவலம், 14 கிலோமீட்டர் நடை. வடமேற்கே மேல்மலையனூர். அங்கே அங்காளம்மனுக்கு அமாவாசை ஊஞ்சல் உற்சவம். மாதத்தில் இந்த இரண்டு நாட்களிலும் திண்டிவனம் - செஞ்சி சாலையில் பேருந்துகளும் வேன்களும் வரிசைகட்டி நிற்கும், செஞ்சியிலும் திருவண்ணாமலையிலும் அறை கிடைக்காது, ஓட்டல்களில் இடம் பிடிப்பதே பாடு. ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் தினசரி காலண்டரைத் திருப்புங்கள். கோட்டைதான் முக்கியம் என்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில், அட்டமி நவமியை ஒட்டிய வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நல்ல காரியங்களுக்கு மற்றவர்கள் தவிர்க்கும் அந்த நாட்களில் மலைப்படிகள் காலியாக இருக்கும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் இந்தச் சாலைப் பக்கமே கோட்டை பார்க்க வர வேண்டாம்.

மேல்மலையனூர் ஊஞ்சலும் பார்க்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். அமாவாசையன்று காலையில் கோட்டை ஏறி இறங்கி, பிற்பகல் முழுவதும் தூங்கி எழுந்து, மாலையில் மேல்மலையனூர் போகலாம். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்க வேண்டும். தூக்கத்தை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊஞ்சல் நள்ளிரவை ஒட்டித்தான் நடக்கும். மலை ஏறிய கால்கள் அதுவரை கூட்டத்தில் நிற்காது.

மாதம் என்று பார்த்தால் மார்கழி, தை, மாசி. சித்திரைக் கத்திரியில் செஞ்சிப் பாறைகள் அடுப்பாகிவிடும். காலை பத்து மணிக்கு மேல் கைப்பிடிச் சுவரைத் தொட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை பச்சையாக, சுனைகள் நிறைந்து அழகாக இருக்கும், படிகளோ வழுக்கும். மழை நின்று இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு ஏறுங்கள்.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறினால் செஞ்சியில் இறங்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம் வசதி. அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஆட்டோ பிடியுங்கள். அதே ஆட்டோக்காரரிடம், கோட்டைக்குப் பிறகு போகும் சிங்கவரத்துக்கும் திருநாதர்குன்றுக்கும் சேர்த்து வாடகை பேசிக்கொண்டால், பிற்பகலில் வண்டி தேடி நிற்க வேண்டியிருக்காது.

ராஜகிரி ஏறுதல்

உயரம் ஏறத்தாழ 800 அடி. நல்ல உடம்புக்காரர் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார். குழந்தைகளோடு போனால் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, கிருஷ்ணகிரிக்கும் அதே சீட்டு செல்லும் என்பதால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிற்பகல் ஆனால் ராஜகிரிமேல் ஏற விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும் என்பதற்காகப் போட்ட கட்டுப்பாடு அது. அன்றைக்கு எத்தனை மணி வரை அனுமதி என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறத் தொடங்குவதுதான் நல்லது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது, கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். தின்பண்டம் எதுவானாலும் முதுகுப்பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். பாலித்தீன் பையைக் கையில் தொங்கவிட்டால் பத்துப் படி ஏறுவதற்குள் குரங்கு வந்துவிடும். வந்தால் இழுபறி வேண்டாம், பையை விட்டுவிடுங்கள். குரங்கோடு மல்லுக்கட்டிப் படியில் தடுமாறி விழுவதைவிடப் பழம் போவது மேல். ரப்பர் அடி போட்ட, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ போதும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வலிக்கும். முட்டிவலி உள்ளவர்கள் இறங்கும் வேளையை நினைத்து முடிவெடுங்கள்.

தொடக்கத்தில் படிகள் சீராக, மர நிழலோடு போகும். வழியில்தான் கமலக்கன்னியம்மன் கோயில். சின்னக் கோயில், முன்னால் சூலம். இந்த மலையின் காவல் தெய்வம் இவள் என்பது சுற்றுவட்டார ஊர்களின் நம்பிக்கை. ஆண்டுத் திருவிழாவுக்கு ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறுங்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் இங்கே சத்தம் போடாமல் கடந்து போவதுதான் முறை. பொங்கல் வைக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், பொங்கலும் கொடுப்பார்கள்.

கோயிலைத் தாண்டியதும் படி செங்குத்தாகும். ஒவ்வொரு வாயிலிலும் பாதை சட்டென்று திரும்புவதைக் கவனியுங்கள். படையாக வருகிறவர்கள் ஓடிவந்து கதவை மோத இடம் இருக்கக்கூடாது, ஆனை கொண்டு இடிக்க வேகம் கிடைக்கக்கூடாது என்பதற்கான அமைப்பு அது. திருப்பத்தில் நின்று மேலே பார்த்தால் உங்கள் தலைக்கு நேரே மதில். அங்கிருந்து ஒருவர் கல்லை உருட்டினால் என்ன ஆகும் என்று நின்று யோசித்தால் போதும், இந்தக் கோட்டையை முற்றுகையிட வந்தவர்கள் ஏன் திணறினார்கள் என்பது புரிந்துவிடும். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து இறங்கினார். உள்ளே சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், மராட்டிய அரசையே இங்கிருந்து நடத்திக்கொண்டிருந்தார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளவின் அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் 60 அடி. அந்தக் காலத்தில் மரப்பாலம் போட்டு, பகை வரும்போது எடுத்துவிடுவார்கள். இன்று நிலையான பாலம் இருக்கிறது. பாலத்தின் நடுவில் நின்று கீழே ஒருமுறை பாருங்கள். கூட்டம் இருந்தால் நிற்காமல் கடந்துவிடுங்கள், பாலம் குறுகலானது. அந்தப் பக்கம் போனால் நெற்களஞ்சியம், ரங்கநாதர் கோயில், பீரங்கி. காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அங்கிருந்து பார்த்தால்தான் கோட்டையின் திட்டம் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை முக்கோணமாக வளைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஏறியதும் படம் எடுத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இவ்வளவு தூரம் ஏறிவந்தது இந்தக் காட்சிக்காகத்தானே.

கோன் அரசர்கள் தொடங்கி, விஜயநகர நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, பிறகு முகலாயர், ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை இது. 2025-இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதன்பின் விடுமுறை நாட்களில் கூட்டம் கூடும் என்பதை எதிர்பார்த்துக் கிளம்புங்கள்.

கீழ்க்கோட்டை

மலை இறங்கி வரும்போது பத்து, பதினோரு மணி ஆகியிருக்கும். உச்சி வெயிலில் செய்ய வேண்டிய வேலை, கூரையுள்ள கட்டடங்களைப் பார்ப்பது. கீழே உள்ள நெற்களஞ்சியத்துக்குள் நுழையுங்கள். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். இன்றைக்கும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் மலையாகக் குவிகின்றன. அறுவடைக் காலத்தில் ஊருக்குள் லாரிகள் நிற்க இடம் இருக்காது. இந்த மண்ணின் நெல்லை நம்பித்தான் உள்ளே இருந்தவர்கள் வருடக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார்கள். கல்யாண மஹால் பக்கத்திலேயே. அடுக்கடுக்காக எழும் அந்த மாளிகைக்குச் சுட்ட மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அருகிலுள்ள யானைக்குளத்தில் இறங்கிக் குளிக்கும் ஆசை வேண்டாம்.

வெங்கடரமணர் கோயிலைத் தவறவிடாதீர்கள். நாயக்கர் காலத்துப் பெரிய கோயில். கோபுர வாயிலின் உட்சுவரில் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். ராமாயணக் காட்சிகளைக் குழந்தைகளே அடையாளம் கண்டு சொல்வார்கள். உள்ளே பல இடங்களில் தூண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அந்தத் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கீழ்க்கோட்டையிலேயே சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனை வென்ற ஆற்காட்டு நவாப், அந்த வெற்றியின் நினைவாகச் சில ஆண்டுகளில் கட்டியது. கோயிலில் எப்படியோ அப்படியே இங்கும் காலணி வெளியே, பேச்சு மெதுவாக.

உடம்பில் தெம்பு இருந்தாலும் அதே நாளில் கிருஷ்ணகிரியும் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. ராஜகிரி முடியாது என்று தோன்றுகிறவர்கள் அதற்குப் பதிலாக இதை ஏறலாம். உயரம் குறைவு, மேலே குவிமாடம் போட்ட மண்டபமும் ஒரு ரங்கநாதர் கோயிலும் உண்டு.

சிங்கவரமும் திருநாதர்குன்றும்

மதியச் சாப்பாட்டை ஊருக்குள் முடித்துக்கொண்டு, நான்கு மணிவாக்கில் சிங்கவரத்துக்குக் கிளம்புங்கள். ஊர்க் கோயில்களெல்லாம் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். அவசரப்பட்டுப் போய் வெயிலில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. சிங்கவரம் ரங்கநாதர் கோயில் பல்லவர் காலக் குடைவரை. கொஞ்சம் படி ஏற வேண்டும், ராஜகிரி ஏறியவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஏறத்தாழ 24 அடி நீளத்துக்குப் பெருமாள் அந்த மலைப்பாறையிலேயே உருவாகிப் பள்ளிகொண்டிருக்கிறார். பட்டர் தீபம் காட்டும்போது திருவடியிலிருந்து முகம் வரை மெல்ல நகரும் வெளிச்சத்தோடு கண்ணை நகர்த்துங்கள். ஒரே பார்வையில் முழு உருவமும் அடங்காது.

தேசிங்குராஜன் போருக்குப் போகுமுன் இங்கே வந்து உத்தரவு கேட்டதாகவும், போக வேண்டாம் என்பதற்கு அறிகுறியாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதை. பட்டரிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார். வரலாற்றில் அவர் பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, பெரும்படைக்கு எதிராகச் சிறு படையோடு போய் உயிரை விட்டவர். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. முந்நூறு ஆண்டுகளாக இந்த ஊர் அவரைத் தன் ராஜாவாகப் பாடிக்கொண்டிருக்கிறது. வடக்கேயிருந்து வந்தவர் என்பது அந்தப் பாசத்துக்குத் தடையாக இருக்கவே இல்லை.

திருநாதர்குன்று அங்கிருந்து பக்கம். இந்தச் சுற்றில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சின்னப் பாறைக்குன்று. மேலே ஒரு பெரும்பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையில், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். உள்ளங்கையை நீட்டித் தொடும் உயரத்தில்தான் கீழ்வரிசை. தொடாதீர்கள். எண்ணெய், குங்குமம் எதுவும் பூசாதீர்கள். குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்டதை அது சொல்கிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் மிகவும் மதிக்கும் கல்வெட்டு. ‘ஐ’ என்ற எழுத்து கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. தண்ணீர், விளக்கு, கடை எதுவும் இங்கே இல்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தனியாகப் போவதைவிட ஆட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

மேல்சித்தாமூர்

மறுநாள் காலை வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் திசையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இங்கேதான். சுற்றியுள்ள வீடூர், பெருமண்டூர், விழுக்கம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. நெல்லும் மணிலாவும் பயிரிடும் விவசாயிகள். பார்சுவநாதர் கோயிலுக்குள் போகுமுன் தோல் பை, தோல் பெல்ட், தோல் பணப்பை எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். இறைச்சி, மீன் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு இங்கே வருவதைத் தவிர்ப்பது மரியாதை. யாராவது இருந்தால் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

மேல்மலையனூர்

அமாவாசை தவிர மற்ற நாட்களில் அங்காளபரமேசுவரி கோயிலில் நிதானமாகத் தரிசிக்கலாம். புற்றுதான் இங்கே மூலம். புற்று மண்ணைப் பிரசாதமாக எடுத்துப் போகிறார்கள். அமாவாசைக்கு வருகிறவர்கள் சில ஏற்பாடுகளோடு வர வேண்டும். நகை அணியாதீர்கள். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் செல்பேசி எண்ணை எழுதிப் போடுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்க ஓர் இடத்தை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். செல்பேசி சிக்னலை நம்ப முடியாது. எலுமிச்சை, வேப்பிலையோடு வரும் பெண்களில் பலருக்கு அருள் வரும். அந்த நேரத்தில் அவர்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் போல ஈரமற்ற செயல் வேறில்லை. அவர்கள் என்ன பாரத்தை இறக்கிவைக்க வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வழிவிட்டு விலகி நில்லுங்கள். மாசியில் மகாசிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசைக்கு மயானக்கொள்ளை. அந்தக் கூட்டத்துக்குச் சிறு குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிவர வேண்டாம்.

ஊர் திரும்பும் வழி

சென்னைக்காரர்கள் வந்த வழியே திண்டிவனம் போய்விடலாம்; நடுவில் மயிலம் முருகன் கோயிலுக்கு ஒரு விலகல் போதும். விழுப்புரம் போகிறவர்கள் மண்டகப்பட்டில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் நான்முகன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிவைத்த குடைவரை அது.

புதுச்சேரி வழியாகத் திரும்புகிறவர்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்களைப் பார்க்கலாம். செஞ்சியிலிருந்து போனவை அவைதான். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். பக்கத்துத் தெரு ஒன்றில் முன்னதாகவே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.